சிறுநீரின் நிறம் மாறுகிறதா? தண்ணீர் போதுமா, மருத்துவர் தேவையா என அறிவது எப்படி?

புதுடெல்லி: கோடைக்காலத்தில் சிறுநீர் அடர் மஞ்சளாக வெளியேறினால், "உடல் சூடு, நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்பதே பலரும் கூறும் முதல் அறிவுரை. பெரும்பாலான நேரங்களில் அது சரியானதே. ஆனால், தண்ணீரால் மாற்றக்கூடியது மஞ்சள் நிறத்தின் அடர்த்தியை மட்டுமே. சிவப்பு, பழுப்பு ஆகிய நிறங்களுக்கான காரணம் பெரும்பாலும் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் நாள்களைக் கடத்தினால், நோயைக் கண்டறிவது தாமதமாகிவிடும்.

மஞ்சள் நிறம் எவ்வாறு உருவாகிறது?

ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள்கள். அவை சிதையும்போது பிலிருபின் என்ற பொருள் உருவாகி, கல்லீரல் வழியாகக் குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதனை நிறமற்ற யூரோபிலினோஜனாக மாற்றுகின்றன. அதில் ஒரு சிறு பகுதி ரத்தத்தில் கலந்து, யூரோபிலின் என்ற மஞ்சள் நிறமியாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. பிலிருபினை மாற்றும் பாக்டீரியா நொதியை அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு வெளியிட்டது 2024ஆம் ஆண்டில்தான்.

அடர்த்தி கூடுவது ஏன்?

சிறுநீரகங்கள் நாள்தோறும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் ரத்தத்திற்கே திரும்பிவிட, ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை மட்டுமே சிறுநீராகிறது. உடலில் நீர் குறையும்போது, சிறுநீரகங்கள் மேலும் அதிக நீரைச் சேமிக்கின்றன. நிறமியின் அளவு குறையாமல் நீர் மட்டும் குறைவதால் மஞ்சள் அடர்த்தியாகிறது.

வெளிர் மஞ்சள் போதிய நீர்ச்சத்தின் அடையாளம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் சற்று அடர்த்தியாக இருப்பது இயல்பு. பகல் முழுவதும் அவ்வாறே நீடித்தால் நீர் போதவில்லை எனக் கொள்ளலாம். வெயிலில் உழைப்போரும், தாக உணர்வு குறைந்த முதியோரும் இதனைக் கவனிக்க வேண்டும். பணியிடத்தில் கழிப்பறை வசதி இல்லாததால் தண்ணீரைத் தவிர்க்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது.

பிற நிறங்கள் உணர்த்துவது என்ன?

* பளிச்சென்ற மஞ்சள்: வைட்டமின் பி2 அடங்கிய மாத்திரைகளால் ஏற்படலாம். இது பாதிப்பற்றது.

* ஆரஞ்சு: காசநோய்க்கு வழங்கப்படும் ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு அல்லது செந்நிறமாக மாறும். இதற்கு அஞ்சி மருந்தை நிறுத்தக் கூடாது.

* சிவப்பு: பீட்ரூட் உண்டதால் இருக்கலாம். அவ்வாறு உண்ணாத நிலையில், ரத்தம் கலந்திருக்கக்கூடும். தொற்று, கல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆகியவை காரணமாகலாம். வலி இல்லை என்பதால் அலட்சியம் கூடாது; வலியின்றி ரத்தம் வெளியேறுவது புற்றுநோயின் தொடக்க அறிகுறியாகவும் இருக்கலாம்.

* தேநீர் போன்ற பழுப்பு: கண்களும் மஞ்சளாக இருந்தால் மஞ்சள் காமாலையாக இருக்கலாம். கடும் வெயிலில் உழைத்த பின் தசைவலியுடன் இந்நிறம் தோன்றினால், தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் அபாயம் உண்டு. உடனடி சிகிச்சை அவசியம்.

நிறமற்றிருந்தால் நலமா?

தண்ணீர் அதிகம் பருகினால் சிறுநீர் நிறமற்று வெளியேறும். ஆனால் தீராத தாகமும், அடிக்கடி அதிக அளவில் சிறுநீர் கழிப்பதும் நீரிழிவின் அறிகுறியாக இருக்கலாம். குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தை விளைவிக்கும். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் கூறிய அளவையே பின்பற்ற வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

போதிய தண்ணீர் பருகியும் ஓரிரு நாள்களில் மஞ்சளின் அடர்த்தி குறையாவிட்டால் பரிசோதனை தேவை. சிவப்போ பழுப்போ காரணமின்றித் தோன்றினால், ஒரே முறை தோன்றி மறைந்தாலும் மருத்துவரை அணுக வேண்டும். காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீர் அளவு வெகுவாகக் குறைதல் ஆகியவை சேர்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது.

குறிப்பு: இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்கானது, மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது.