சுகர், பி.பி., கிட்னி கோளாறா? இ.எஸ்.ஐ.யில் பிடிக்கிற காசை விட்டுடாதீங்க!

அம்பத்தூர்,

காய்ச்சல், தலைவலி என்றால் இரண்டு நாளில் சரியாகி விடும். சுகர், பி.பி., கிட்னி கோளாறு அப்படி இல்லை. வந்தால் வந்ததுதான். ஆயுசுக்கும் மாத்திரை, அடிக்கடி டெஸ்ட், லீவு போட்டால் சம்பளம் கட் என்று செலவு நிற்காமல் ஓடும்.

இத்தனைக்கும் அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளர்களுக்கு மாதாமாதம் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. காசு பிடிக்கப்படுகிறது. டிஸ்பென்சரிக்கு போனால் அரை நாள் கூலி போச்சே என்று பலர் பக்கத்து தெரு கிளினிக்கில் கைக்காசை கொடுத்து விட்டு வருகிறார்கள். இதில் போவது மாத்திரை காசு மட்டும் அல்ல. உடம்பு முடியாமல் படுத்தால் கிடைக்க வேண்டிய பணமும் சேர்ந்து போகிறது.

பிடிப்பது எவ்வளவு?

1964-ல் தொடங்கப்பட்டது அம்பத்தூர் தொழிற்பேட்டை. சின்ன பட்டறையோ, பெரிய கம்பெனியோ, 10 பேர் வேலை பார்த்தாலே இ.எஸ்.ஐ. உண்டு. காண்ட்ராக்ட் ஆட்களும் இதில் அடக்கம். மாதச் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் 21 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

2019 ஜூலையில் வந்த விகிதப்படி தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15 ஆயிரம் ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 113 ரூபாய் பிடிப்பார்கள். கம்பெனி தன் கையில் இருந்து 488 ரூபாய் கட்ட வேண்டும்.

இந்த காசுக்கு தொழிலாளி, மனைவி, பிள்ளைகள், அவரை நம்பி இருக்கும் அப்பா, அம்மா எல்லோருக்கும் வைத்தியம் உண்டு. டிஸ்பென்சரியில் முடியாத கேஸ்களை அயனாவரம், கே.கே.நகர் போன்ற இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

சர்டிபிகேட் முக்கியம்

வேலைக்கு போக முடியாமல் படுத்தால், சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் பணமாக கிடைக்கும். ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்றால் 350 ரூபாய். வருடத்துக்கு 91 நாள் வரை இதை வாங்கலாம். முதல் 2 நாளுக்கு கிடையாது.

இதற்கு 2 நிபந்தனைகள். ஒன்று, குறிப்பிட்ட 6 மாதத்தில் 78 நாளாவது இ.எஸ்.ஐ. காசு கட்டியிருக்க வேண்டும். மற்றொன்று, ஓய்வு தேவை என்று இ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் தர வேண்டும். தனியார் கிளினிக்கில் ஊசி போட்டு வீட்டில் படுத்திருந்தால் இந்த பணம் கைக்கு வராது.

104 நாள் கணக்கு

கிட்னி பழுதானவர்கள் நிலைமைதான் ரொம்ப கஷ்டம். டயாலிசிஸ் ஒரு தடவைக்கு சுமார் 4 மணி நேரம் பிடிக்கும். போக வர, அசதி என்று அன்றைய வேலை போய்விடும். வாரம் 2 தடவை என்றாலே வருடத்துக்கு 104 நாள். வாரம் 3 என்றால் 156 நாள். 91 நாள் எந்த மூலைக்கு?

இப்படிப்பட்டவர்களுக்காகவே 34 நீண்டகால நோய்கள் தனியாக பட்டியலிடப்பட்டுள்ளன. கிட்னி செயலிழப்பு, புற்றுநோய், காசநோய், பக்கவாதம் போன்றவை அதில் வருகின்றன. சுகரால் கால் புண், கண் திரை பாதிப்பு என்று முற்றிய கேஸ்களும் உண்டு. இவர்களுக்கு கூலியில் 80 சதவீதம், அதாவது 500 ரூபாய்க்கு 400 ரூபாய் வீதம் 2 வருடம் வரை நீட்டிக்க வழி இருக்கிறது.

ஆனால் அதற்கு 2 வருடம் தொடர்ந்து இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்து, அந்த காலத்தில் 156 நாளாவது காசு கட்டியிருக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நம்பர் மாறினால் சிக்கல்

காண்ட்ராக்டர் மாறும்போது புது இ.எஸ்.ஐ. நம்பர் போட்டு விட்டால் பழைய கணக்கு ஒரு பக்கம், புது கணக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து விடும். 2 வருட கணக்கு காட்ட முடியாமல் தவிக்க வேண்டி வரும். 10 இலக்க நம்பர் ஆளுக்கு ஒன்றுதான். எந்த கம்பெனிக்கு போனாலும் பழைய நம்பரையே கொடுக்க வேண்டும். பிடித்த காசு கட்டப்பட்டதா என்று இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பார்த்துக் கொள்ளலாம்.

வேலை போனாலும் உடனே கதவு சாத்தப்படுவது இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலை போச்சே என்று மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை.

5 வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முடிந்து ரிட்டையர் ஆனவர்கள், வருடம் 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும் என்பது குறிப்பிடத்தக்கது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு

வீட்டு வேலை, ஆட்டோ, கட்டிட வேலை பார்ப்பவர்களுக்கு முதல்வர் காப்பீட்டு திட்ட அட்டைதான் துணை. 2009-ல் கலைஞர் காப்பீட்டு திட்டமாக தொடங்கி, 2012-ல் பெயர் மாறி, 2018-ல் மத்திய அரசு திட்டத்துடன் இணைந்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. டயாலிசிஸ்சும் இதில் அடக்கம். குடும்ப வருமான வரம்பு வருடம் 1.20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மாதம் 15 ஆயிரம் சம்பளம் என்றால் வருடத்துக்கு 1.80 லட்சம். இந்த வரம்பை தாண்டி விடும். கம்பெனி தொழிலாளி இ.எஸ்.ஐ.யை கை கழுவக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வி.ஏ.ஓ. வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். அம்பத்தூர் தாலுகா 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்து விட்டது. எனவே அம்பத்தூர்காரர்கள் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்கு போக வேண்டும். ஆவடி, பூந்தமல்லிகாரர்களுக்கு திருவள்ளூர். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

தினசரி போடும் மாத்திரைக்கு காப்பீட்டு அட்டை உதவாது. அதற்கு அரசு ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகர், பி.பி. மாத்திரை, இன்சுலின் இலவசம். அட்டை இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை என்றாலும் இங்கே திருப்பி அனுப்ப மாட்டார்கள். பழைய மாத்திரை சீட்டையும், டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போனால் போதும்.