கெர்ன்ஸி லில்லியின் சொந்த ஊர்

ஐப்பசி மாதத்தில் இங்கிலாந்துத் தோட்டங்கள் களையிழந்து கிடக்கும். மரங்கள் இலைகளைக் கொட்டிக்கொண்டிருக்கும். கோடை மலர்கள் யாவும் முடிந்திருக்கும். அச்சமயத்தில் கண்ணாடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், சட்டியின் வெறும் மண்ணிலிருந்து முழ உயரத்துக்கு ஒரு தண்டு எழும்பி, அதன் உச்சியில் பத்துப் பதினைந்து செம்மலர்கள் கொத்தாக விரிந்திருக்கும். நமது செங்காந்தளைப் போலவே மடல்களைப் பின்புறம் வளைத்துக்கொண்டு, கேசரங்களை வெளியே நீட்டி நிற்கும். வெயில் பட்டால் மடல்களில் பொற்றுகள் தூவினாற்போல் மினுமினுக்கும். இதுதான் கெர்ன்ஸி லில்லி. சாஸ்திரப் பெயர் நெரீனே சார்னியென்ஸிஸ்.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். கெர்ன்ஸி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள கடலில் ஒரு சிறு தீவு. அதன் லத்தீன் பெயர் சார்னியா. ஆனால் 1634-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மோரின் என்பவருடைய தோட்டத்தில் இம்மலர் பூத்தபோது, அது ஜப்பானியப் பூ என்றே எண்ணினார்கள். மறு ஆண்டில் கோர்னூ என்ற வைத்தியர் அப்படியே நூலிலும் எழுதிவைத்தார். பிறகு, ஜப்பானிலிருந்து வந்த கப்பலொன்று கெர்ன்ஸிக் கரையில் உடைந்து, கிழங்குகள் மணலில் ஒதுங்கி முளைத்தன என்று ஒரு கதையும் கிளம்பிற்று. அழகான கதைதான்; உண்மை வேறு. கியூ தோட்டத்தின் சார்பில் 1772-இல் தென்னாப்பிரிக்கா சென்ற பிரான்ஸிஸ் மாஸன், கேப்டவுனுக்கு மேலே ஓங்கி நிற்கும் மேசை மலையில் இது காட்டுச் செடியாக வளர்ந்திருக்கக் கண்டார். அதன் பிறகாவது பெயரை மாற்றினார்களா? இல்லை. 1820-இல் வில்லியம் ஹெர்பர்ட் இவ்வினத்துக்கு நெரீனே என்று பெயரிட்டார். அது கிரேக்கப் புராணத்துக் கடற்கன்னியின் பெயர்! மலையில் பிறந்த பூவுக்கு ஒரு பெயர் தீவிலிருந்தும், மற்றொன்று கடலிலிருந்தும் கிடைத்தன. பிறந்த மண்ணுக்கு மட்டும் அதில் இடமில்லை. அந்நியர் பெயர் சூட்டும்போது இப்படி நேர்வது நமக்குப் புதிதன்று.

பெயர் எப்படியாவது போகட்டும். செடி தன் ஊரை மறக்கவேயில்லை. மேசை மலைப் பிரதேசத்தில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும்; கோடை வறண்டிருக்கும். ஆகவே வெங்காயம் போன்ற இதன் கிழங்கு கோடையில் உறங்கும். வெயில் தணிந்ததும் முதலில் பூக்கும். பிறகே இலை விடும். குளிர்காலம் முழுவதும் அவ்விலைகளைக் கொண்டு அடுத்த ஆண்டுப் பூவுக்கு உணவு தேடிக்கொள்ளும். வடதேசத்துக்குக் கொண்டுவந்தால், அங்குள்ள பருவத்துக்கேற்ப ஆறு மாதம் தள்ளி இதே ஒழுங்கை நடத்தும். சங்கடம் இங்கேதான். கேப் நாட்டுக் குளிர் சாது; இங்கிலாந்தின் உறைபனியோ பச்சை இலையைக் கருக்கிவிடும். இலை போனால் பூ ஏது? இதனாலேயே இதைச் சட்டியில் நட்டு, உறைபனி புகாத கண்ணாடி வீட்டில் வைக்கிறார்கள்.

மணல் கலந்த, நீர் தேங்காத மண் வேண்டும். கிழங்கின் கழுத்து வெளியே தெரிய, நெருக்கமாக நட வேண்டும். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும். வைகாசி வாக்கில் இலை மஞ்சளானதும் நீரை அடியோடு நிறுத்திச் சட்டியை வெயிலில் காயவிட வேண்டும். தினமும் ஒரு செம்பு ஜலம் விடாவிட்டால் மனம் ஆறாத நம் போன்றவர்களுக்கு இது பெரிய சோதனை! ஆனால் உறங்கும் கிழங்குக்கு ஊற்றும் நீர் அதை அழுகச் செய்யும். ஆவணி, புரட்டாசியில் கழுத்தருகே மொட்டின் முனை தலைகாட்டிய பிறகு நீர் விட்டால் போதும்.

கண்ணாடி வீடு இல்லாதவர்களுக்கு நெரீனே பௌடெனி என்ற இளஞ்சிவப்பு ஜாதி இருக்கிறது. கேப் நாட்டில் நில அளவை அதிகாரியாக இருந்த கார்னிஷ் பௌடன், டெவன் பகுதியிலுள்ள நியூட்டன் அப்பட் என்ற ஊரில் வசித்த தம் தாயாருக்கு இதன் கிழங்குகளை அனுப்பினார். 1904-இல் அவர் பெயரே செடிக்கும் வந்தது. இது தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்தது. அங்கே மழை கோடையில். ஆகையால் வஸந்தத்தில் இலை விட்டு, பனிக்கு முன்பே இலையை உலர்த்திக்கொண்டு, குளிர்காலத்தில் உறங்கிவிடுகிறது. உறைபனிக்குக் கருக இலை அகப்படுவதில்லை. தெற்கு நோக்கிய சுவரின் அடியில், வெயில் நன்றாகப் படும் இடத்தில் நட்டுவிடலாம்.

முதல் ஆண்டில் பூக்கவில்லை என்று தோண்டிப் பார்க்க வேண்டாம். கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கும் அளவுக்குப் பெருகிய பின்னரே நன்றாகப் பூக்கும். கொய்து நீரில் வைத்தால் இரண்டு வாரம் வரைகூட வாடாமல் இருக்கும்.