இயந்திரம் ஓடும்போதே விமானம் விழுவது ஏன்?

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் செல்லும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையோரம் பருந்துகள் இறக்கையை அசைக்காமலேயே வட்டமிடுவதை நம் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். மேலெழும் காற்றே அவற்றைத் தாங்குகிறது. அப்படியானால், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் விமானம்கூட விழுவது ஏன்? வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இது.

எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடைப்பட்ட கோணமே தாக்குகோணம். அது கூடக் கூடத் தூக்குவிசையும் கூடும். ஆனால் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் சென்ற காற்று பிரிந்து சுழலும்; தூக்குவிசை குறைந்துவிடும். இதுவே ‘ஸ்டால்’. மீள்வதற்கு முதலில் விமானத்தின் மூக்கைத் தாழ்த்த வேண்டும். விழும்போது மூக்கை உயர்த்தவே மனம் தூண்டும். அதை வெல்லத்தான் பயிற்சி தேவை.

2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. தானியங்கி இயக்கம் விலகியது. விமானி மூக்கை உயர்த்தினார். எச்சரிக்கை ஒலித்தும், நேர்ந்திருப்பது ஸ்டால் என்பது உணரப்படவில்லை. 228 பேர் இறந்தனர்.

2018 அக்டோபர் 29 அன்று நடந்தது இதற்கு நேர்மாறு. இந்தியரான பவ்யே சுனேஜா தலைமை விமானியாக இருந்த லயன் ஏர் 610 ஸ்டால் ஆகவில்லை. பழுதான ஒரே ஓர் உணரியை நம்பி, ‘எம்காஸ்’ என்ற தானியங்கி அமைப்பு மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. அப்படி ஓர் அமைப்பு இருப்பதையே விமானிகளுக்குச் சொல்லியிருக்கவில்லை. 189 பேர் இறந்தனர். 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் விழுந்து 157 பேர் இறந்தனர். இந்தியாவும் அவ்வகை விமானங்களை நிறுத்தியது. இரண்டு உணரிகளை ஒப்பிடும் மாற்றமும் சிமுலேட்டர் பயிற்சியும் வந்த பிறகு, 2021 ஆகஸ்டில் மீண்டும் அனுமதித்தது.

முதல் விபத்தில் கருவி விலகியபோது அடிப்படை கைகொடுக்கவில்லை. அடுத்ததில் கருவி செய்வது என்னவென்று மனிதருக்குத் தெரியவில்லை.

செயல்பாடு: லேசாக வளைத்த அட்டையின் மேற்புறத்தில் சிறு நூல் துண்டுகளை ஒட்டி, மேசை மின்விசிறிக்கு எதிரே சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். முன்விளிம்பை மெல்ல உயர்த்துங்கள். படிந்திருந்த நூல்கள் ஒரு கட்டத்தில் தாறுமாறாகத் துடிக்கும். காற்று பிரிவதை மாணவர்கள் கண்ணால் காண்பார்கள்.

கணிப்பானுக்கும் இதே பாடம் பொருந்தும். பொத்தானை அழுத்துமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மாணவரைச் சொல்லச் சொல்லுங்கள். கருவி தவறினால், அதை முதலில் கண்டுபிடிப்பவர் அவராகவே இருக்கட்டும்.