நல்லாத்தான் சாப்பிடுறான் டாக்டர்!

பல்வலி என்று சொல்லி யாரும் என் கிளினிக்குக்கு நாயைக் கூட்டி வருவதில்லை. தடுப்பூசிக்கு வருவார்கள், உண்ணிக்கு வருவார்கள், தோல் அரிப்புக்கு வருவார்கள். வந்த இடத்தில் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் பழுப்பு நிறத்தில் காரை. ஈறு ஓரமெல்லாம் சிவப்பு. "வாய் நாறுமே, கவனிக்கலையா?" என்று கேட்டால், "நாய்னா நாறத்தானே செய்யும்? மத்தபடி நல்லாத்தான் சாப்பிடுறான் டாக்டர்" என்பார்கள்.

இரண்டுமே தப்பு.

முதலில் நாற்றம். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. தேய்த்த பல்லிலும் சில மணி நேரத்தில் கிருமிப் படலம் ஒட்டத் தொடங்கிவிடும். துடைக்காமல் விட்டால், எச்சிலில் இருக்கும் கால்சியம் அதில் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் காரையாக இறுகிவிடும். நாயின் எச்சிலுக்கு நம்முடையதைவிடக் காரத்தன்மை அதிகம். அதனால் நாய்களுக்குச் சொத்தைப்பல் அபூர்வம், காரை சீக்கிரம். கிருமிகள் ஈறுக்கு அடியில் இறங்கினால் பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும். அந்த நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. பொமரேனியன், ஷிட்சு போன்ற சின்ன நாய்களுக்குத் தாடை சிறியது, பற்கள் நெருக்கம். இரண்டு மூன்று வயதிலேயே பல் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சாப்பாடு. பல் வலித்தாலும் நாய் பட்டினி கிடக்காது. ஒரு பக்கமாக மெல்லும், மெல்லாமலே விழுங்கும், பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுக்கும். தினமும் தயிர் சாதம் தின்னும் நாய்க்கு மெல்லும் வேலையே கிடையாது. வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு லாப்ரடாருக்குக் கண்ணுக்குக் கீழே வீக்கம். வீட்டில் கண் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து பார்த்தால் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்து, வேரில் சீழ். அந்தப் பல்லின் வேர்கள் கண்ணுக்கு நேர் கீழே முடிகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு செய்த வேலை. பல்லைப் பிடுங்கிய பிறகு அந்த வீட்டு அம்மா சொன்னார்: "வயசாகி அடங்கிட்டான்னு நெனச்சோம் டாக்டர். இப்பப் பந்தை எடுத்துட்டு ஓடி வர்றான்." வயசு அல்ல, வலி.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன்: கட்டை விரல் நகத்தால் அழுத்துங்கள். பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

காரை படிந்துவிட்டால் ஸ்கேலிங்தான். "மயக்க மருந்து இல்லாமல் சுரண்டிவிட முடியாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெளியே தெரியும் காரையைச் சுரண்டினால் பல் வெள்ளையாகும், அவ்வளவுதான். பல்லின் பாதிக்கு மேல் ஈறுக்குள் இருக்கிறது, நோயும் அங்கேதான். விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விட விடாது, எக்ஸ்-ரேவுக்கும் அசையாமல் இருக்காது. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து, மயக்கம் கொடுத்து, தண்ணீர் நுரையீரலுக்குள் போகாதபடி மூச்சுக்குழலில் குழாய் வைத்துச் செய்வதுதான் முறை.

இதைத் தள்ளிப்போட வழி, தினமும் தேய்ப்பது. ஆட்காட்டி விரலில் ஈரத்துணியைச் சுற்றிப் பல்லின் வெளிப்பக்கத்தைத் தேய்த்தாலே பாதி வேலை முடிந்தது. பழகிய பிறகு மென்மையான பிரஷ், நாய்க்கென்று விற்கும் பேஸ்ட். நம் பேஸ்ட் வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது. ஃபுளோரைடு வயிற்றுக்குள் போகும். அதில் சைலிட்டால் இருந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், கல்லீரலும் கெடும். குட்டியிலேயே பழக்குங்கள். 28 பால் பற்களும் ஆறு, ஏழு மாதத்துக்குள் விழுந்துவிட வேண்டும். புதுக் கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் பழையது நின்றுகொண்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பூனை வாய் வலியில் எச்சில் வடித்தால் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம்.

வாரத்துக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஒரே ஒரு நேரத்தில் மட்டும் வேண்டாம். நாய் திடீரென்று வாயை மூட முடியாமல், தண்ணீர் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கினால், "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு" என்று கையை உள்ளே விட்டுவிடாதீர்கள். ரேபிஸும் அப்படித்தான் தொடங்கும். தனியே கட்டிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதன் எச்சில் உங்கள் காயத்தில் பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.