படம் ஓடுது, சத்தம் மட்டும் விக்குது: லினக்ஸ்ல கேப்ச்சர் கார்டு

கோவில்பட்டின்னா கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி. நம்ம பசங்க ஆடுற ஹாக்கி மேட்ச் ஒன்னை லைவ் போடுறோம்னு வைங்க. கேமரா, யு.எஸ்.பி. கேப்ச்சர் கார்டு, உபுண்டு லேப்டாப் எல்லாம் ரெடி. படம் பளிச்னு வருது. வர்ணனை மட்டும் அங்கங்கே அறுந்து போகுது. கோல் விழுற நேரத்துல சத்தம் போனா திரும்ப எடுக்கவா முடியும்?

உடனே "டிரைவர் சரியில்ல"ன்னு சொல்லிடுவோம். பொறுங்க. சத்தம் எந்த இடத்துல தொலையுதுன்னு முதல்ல பிடிக்கணும்.

1. தனியா கேளுங்க. ஓ.பி.எஸ்.ஸை மூடிட்டு, டெர்மினல்ல ஏரெக்கார்ட் கட்டளை மூலமா கார்டிலிருந்து சத்தத்தை மட்டும் பத்து நிமிஷம் பதிவு பண்ணுங்க. இதுலயே அறுந்தா கேபிள், போர்ட், கார்டு, டிரைவர் பக்கம் பாருங்க. சுத்தமா இருந்தா அடுத்த படிக்குப் போங்க.

2. வீடியோவோட சேர்த்து ஓட்டுங்க. இப்போ மட்டும் அறுந்தா யு.எஸ்.பி. நெரிசலைச் சந்தேகப்படலாம். 1920×1080 படம், பிக்சலுக்கு 2 பைட், விநாடிக்கு 30 ஃபிரேம்னா கிட்டத்தட்ட 995 மெகாபிட். யு.எஸ்.பி. 2.0-வோட உச்சமே 480தான். அதனால சுருக்கி அனுப்புற எம்ஜெபெக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்க. ஹப் வேண்டாம், நேரா லேப்டாப்புல சொருகுங்க. யு.எஸ்.பி. ஆடியோவுல தொலைஞ்ச பாக்கெட்டைத் திரும்பக் கேட்கிற வழக்கமே கிடையாது. போனது போனதுதான்.

3. எப்போ அறுகுதுன்னு குறிச்சு வைங்க. தாறுமாறா அறுந்தா சி.பி.யூ. திணறலாம். பைப்வயரோட பி.டபிள்யூ.-டாப் திரையில பிழை எண்ணிக்கை ஏறுதான்னு பாருங்க. ஏறினா பஃபரைக் கூட்டுங்க. சரியான இடைவெளி விட்டு அறுந்தா காரணம் கடிகாரம். தீப்பெட்டி ஆபீஸ்ல ஒருத்தர் பெட்டியில குச்சி அடைக்கிறார், இன்னொருத்தர் பண்டல் கட்டுறார். வேகம் துளி வித்தியாசப்பட்டாலும் சாயங்காலத்துக்குள்ள பெட்டி குவியும், இல்லைன்னா தீர்ந்துபோகும். கார்டுக்கு ஒரு கடிகாரம், லேப்டாப் ஆடியோவுக்கு வேறொன்னு. பத்து லட்சத்துல 50 பங்கு வித்தியாசம்னாகூட, 48,000 ஹெர்ட்ஸ்ல ஒரு மணி நேரத்துக்கு 8,640 சாம்பிள், அதாவது 0.18 விநாடி. எல்லா இடத்துலயும் 48,000 வைங்க. ஆல்சாவை நேரடியா எடுக்காம பைப்வயர் வழியா எடுத்தா, வேக வித்தியாசத்தை அதுவே சரிக்கட்டும்.

4. கடைசியா டிரைவர். இதுவும் நடந்திருக்கு. விலை குறைஞ்ச கார்டுகள்ல பரவலா இருக்கிற எம்.எஸ். 2109 சிப், 48,000 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோவை அனுப்பிட்டு 96,000 ஹெர்ட்ஸ் மோனோன்னு தன்னை அறிமுகப்படுத்திக்கும். ஹெக்டர் மார்ட்டின் 2020-ல் லினக்ஸ் கர்னலுக்கு இதுக்கான திருத்தத்தை எழுதினார். கர்னல் அதுக்கும் பழசுன்னா அப்டேட் பண்ணுங்க.

ஒன்னு மறக்காதீங்க. அஞ்சு நிமிஷ டெஸ்ட்ல கடிகாரக் கோளாறு தெரியாது. மேட்ச்சுக்கு முந்தின நாளே ஒரு மணி நேரம் முழுசா ஓட்டி, ஹெட்போன் மாட்டிக் கேட்டுடுங்க.