மூச்சுக்குக் காவல்

உணவின்றிச் சில வாரங்கள் உயிர் வாழ்ந்தவர் உண்டு. நீரின்றிச் சில நாள்கள் வாழ்ந்தவரும் உண்டு. மூச்சின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் வாழ்தல் எவர்க்கும் இயலாது. உறங்கும்போதும் உழைக்கும்போதும் இடையறாது நடைபெறும் இத்தொழிலை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. இரைப்பு நோயால் துன்புறுவோரே ஒவ்வொரு மூச்சின் அருமையையும் நன்கறிவர்.

நுரையீரலின் அமைப்பு வியக்கத்தக்கது. தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, மரக்கிளைகள் போல மேன்மேலும் கிளைத்து, இறுதியில் பல கோடி நுண்ணிய காற்றறைகளில் முடிகின்றது. இக்குழல்களின் உட்புறத்தே கண்ணுக்குப் புலனாகாத மென்மயிர்கள் உள்ளன. காற்றில் அலையும் நெற்பயிர் போல அவை ஓயாது அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சளியோடு மேலே தள்ளிவிடுகின்றன. புகையிலைப் புகையும், விறகடுப்பின் புகையும், தொழிற்சாலைத் தூசியும் பல்லாண்டுகள் உட்செல்லுமாயின் இம்மென்மயிர்கள் அழிகின்றன. குழல்கள் வீங்கிக் குறுகுகின்றன. காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. இதனை நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பர். ஆஸ்துமா எனப்படும் ஈளை நோயிலும் குழல்கள் குறுகுவதுண்டு. ஆயினும் அவை தக்க மருந்தினால் பெரும்பாலும் மீண்டும் விரியும்.

காவலர் நீங்கிய கோட்டைக்குள் பகைவர் நுழைதல் எளிதன்றோ? நலமுடையவர்க்கு ஒரு வாரக் காய்ச்சலாய் வந்து நீங்கும் இன்புளுவென்சா, இந்நோயாளரை மருத்துவமனையில் சேர்த்துவிடக்கூடும்; சிலருடைய உயிரையும் கவர்ந்துவிடும். பிழைத்தெழுந்தவர் பலர்க்கும் நுரையீரல் பழைய நிலைக்கு முற்றிலும் திரும்புவதில்லை. ஆகவே, நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காப்பதே இவர்களுக்கு மிகவும் இன்றியமையாதது.

அக்காவலைத் தருவது தடுப்பூசி. மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா நச்சுயிரியை 1933ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர்கள் பிரித்தறிந்தனர். அடுத்த பத்தாண்டில் அதற்குத் தடுப்பூசியும் உருவாயிற்று. 1957ஆம் ஆண்டில் உலகெங்கும் புதியதோர் இன்புளுவென்சா பரவியது; கப்பல் வழியாகச் சென்னையை அடைந்து நம் நாட்டிலும் பலரை வருத்தியது. அக்கொள்ளைநோய் கற்பித்த பாடத்தால், 1960ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், முதியோரும் நாட்பட்ட நோயுடையோரும் ஆண்டுதோறும் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். இந்நச்சுயிரி அடிக்கடி தன் வடிவை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. எனவேதான் ஆண்டுதோறும் ஊசி வேண்டப்படுகின்றது. நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியின் 23 வகைகளைத் தடுக்கும் ஊசி 1983ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது.

மருந்து உண்டாயிற்று என்பதனால் அது வேண்டியவரிடம் சென்று சேர்ந்தது என்று கொள்ளலாகாது. இவ்வுண்மையை 2021ஆம் ஆண்டு நமக்குத் தெளிவாக உணர்த்தியது. கொரோனாத் தடுப்பூசி அவ்வாண்டு ஜனவரி 16ஆம் நாள் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. முதலில் மருத்துவப் பணியாளர்க்கும், பின்னர் முன்களப் பணியாளர்க்கும் அது வழங்கப்பட்டது. மார்ச்சுத் திங்கள் முதல் நாளிலிருந்து அறுபது வயது நிரம்பியவர்க்கும், 45 முதல் 59 வயது வரையுள்ளவருள் குறிப்பிட்ட 20 நோய்நிலைகளில் ஒன்றை உடையவர்க்கும் வழங்கப்பட்டது. அந்நிலைகளுள் கடுமையான மூச்சு நோயும் ஒன்று. முந்திய இரண்டாண்டுகளுக்குள் அதற்காக மருத்துவமனையில் தங்கியிருத்தல் வேண்டும். அன்றேல், விரைந்து ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று, இருக்கவேண்டிய அளவில் பாதிக்கும் குறைவாய் இருத்தல் வேண்டும். பதிவுபெற்ற மருத்துவர் அதற்குச் சான்றளிக்கவும் வேண்டும்.

ஊசி மருந்து அருகியிருந்த காலத்தில் இத்தகைய வரையறை வேண்டப்பட்டதே. எல்லார்க்கும் ஒருங்கே கொடுக்க இயலாதபோது, மிகுந்த இடருடையவர்க்கு முதலில் கொடுத்தலே அறம். எனினும், சிற்றூரில் வாழும் ஐம்பது வயதுத் தாய் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். இளமை முதல் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்தவள். குடத்தைச் சுமந்து நான்கடி நடந்தால் மூச்சு வாங்குபவள். ‘வயதாகிவிட்டது’ என்று அதனைப் பொறுத்துக்கொள்பவள். மூச்சின் அளவைக் காட்டும் கருவியை அவள் கண்டதில்லை; மருத்துவமனையில் தங்கியதும் இல்லை. நோய் அவளிடம் உண்டு, சான்று இல்லை. அவ்வாறாயின் முன்னுரிமைப் பட்டியலில் அவளுக்கு இடமில்லை. ஏப்பிரல் முதல் நாளில் 45 வயது நிரம்பிய அனைவர்க்கும் ஊசி திறந்துவிடப்பட்ட பின்னரே, சான்றின்றி அவள் ஊசி பெறும் வழி பிறந்தது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? தடுப்பூசிக்குச் செல்லும் வழி, நோயைக் கண்டறியும் இடத்திலேயே தொடங்குகின்றது. ஆரம்பச் சுகாதார நிலையந்தோறும் மூச்சை அளக்கும் கருவி இருக்குமாயின், அடுத்த கொள்ளைநோய் வருமுன்னரே நோயாளரின் பட்டியல் ஆயத்தமாய் இருக்கும். வழியில் வேறு தடைகளும் உண்டு. இன்புளுவென்சா, நியூமோகாக்கஸ் ஊசிகளைப் பெரியவர்கள் பெரும்பாலும் விலை கொடுத்தே பெறுகின்றனர்; கூலி வேலை செய்வோர்க்கு அது பெருஞ்செலவு. நடந்தால் மூச்சுத் திணறுபவர் தொலைவிலுள்ள நிலையத்தில் வரிசையில் நிற்றல் அரிது. 2021 செப்டம்பரில், நடமாட இயலாதவர்க்கு அவர்தம் வீட்டிலேயே கொரோனா ஊசி போட அரசு வழிவகுத்தமை இத்தடையை நீக்கும் முறையைக் காட்டியது. ஈளை நோயுடையவர் ஊசியே போடலாகாது என்னும் தவறான அச்சமும் சிலரைத் தடுக்கின்றது. மருத்துவரை அணுகித் தமக்குரிய ஊசி எதுவெனக் கேட்டறிதலே தக்கது.

நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நெடுநாளாக இருமுபவர், படியேறும்போது நின்று மூச்சு வாங்குபவர் இருக்கலாம். முதுமையின் இயல்பென்று அதனை ஒதுக்காமல், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் இளையோராகிய நம் கடமை. பரிசோதனைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் செய்தலும் அதனோடு சேர்ந்ததே. மீண்டும் ஒரு கொள்ளைநோய் வரும் நாளில் அச்சிறு சீட்டே அவருடைய உயிரைக் காக்கும் துணையாகலாம்.