வில்லோ வேண்டாம், நொச்சி போதும்

சுங்குவார்சத்திரம் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, விளைநிலங்கள் வீட்டுமனைகளாகி வருகின்றன. பல குடும்பங்களுக்கு மிஞ்சுவது வீட்டைச் சுற்றி ஓரிரு சென்ட் தோட்டம்தான். அதில் அழகுக்காக, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் துளிர்க்கும் ஜப்பானிய வில்லோ செடியை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் குளிர்நாட்டுச் செடி. நம் கத்திரி வெயிலில் இலை கருகும். கொடுத்த பணம் வீணாகும்.

நம்மூர் நொச்சி அந்த இடத்துக்குப் பொருந்தும். வில்லோவைப் போலவே போத்திலிருந்து வேர்விடும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். வளைந்து கொடுக்கும் கிளைகளில் கூடை பின்னலாம். இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும்; பூ நீலம் கலந்த ஊதா. ஆடு மாடு விரும்பிக் கடிக்காததால் வேலிக்கும் ஏற்றது.

ஐப்பசி மழை தொடங்கியதும், பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். தலைகீழாக நடக்கூடாது. வேலிக்கு 2 அடி, தனிச்செடிக்கு 5 அடி இடைவெளி விடலாம். வேர் பிடிக்கும்வரை மண் காயக்கூடாது, தண்ணீரும் தேங்கக்கூடாது. ஆண்டுதோறும் மழைக்கு முன் இடுப்பளவுக்குக் கவாத்து செய்தால் புதராக அடரும்.

கவாத்து செய்த தழையை நிழலில் உலர்த்தி, நெல், பயறு மூட்டைகளுக்கு இடையில் போட்டால் வண்டு அண்டுவது குறையும். பச்சை இலை ஐந்திலைக் கரைசலுக்கு ஆகும்.

நாற்றுக்குச் செலவே இல்லை. நொச்சி வேலி உள்ள வீட்டில் நாலு போத்து கேட்டு வாங்கினால் போதும்.